ஒரே வயது, ஒரே வரிசை, வேறு வேறு ரயில்

2021 ஆகஸ்ட் 15 முதல் மும்பை லோக்கல் ரயிலில் பொதுமக்களும் ஏறலாம் என்று அறிவிப்பு வந்தபோது, தாராவியில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது உதவவில்லை. கொரோனா தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரியம்மா மகனான அண்ணனுக்கு முதல் டோஸே ஜூலை கடைசியில்தான் கிடைத்தது.

அண்ணன் தாணேயில் ஒரு மெஸ்ஸில் டிபன் மாஸ்டர். வீட்டிலிருந்தபடி தோசை ஊற்ற முடியாது. நானோ அந்தேரி ஆபீஸ் வேலையை மாடியறையில் லேப்டாப் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள். இருவருக்கும் வயது 18-க்கும் 44-க்கும் நடுவே. அரசாங்கக் கணக்கில் ஒரே வரிசை.

மே 1-ல் எங்கள் வயதுக்காரர்களுக்கும் ஊசி என்றார்கள். உற்பத்தியில் பாதி மத்திய அரசுக்கு. மீதியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் வாங்கிக்கொள்ள வேண்டும். சில நாளிலேயே மகாராஷ்டிரத்தில் தட்டுப்பாடு. இருந்ததை 45 வயது தாண்டியவர்களின் இரண்டாம் டோஸுக்குத் திருப்பினார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் எங்களுக்கு இலவச ஊசி நின்ற அந்த வாரங்களில், காசுக்குப் போடும் ஊசி நிற்கவில்லை. ஜூன் தொடக்கத்தில் என் கம்பெனி ஒரு தனியார் மருத்துவமனையோடு பேசி முகாம் வைத்தது. போய்ப் போட்டுக்கொண்டேன். இதில் எனக்குக் கூச்சமில்லை. நான் வேண்டாம் என்றிருந்தால் அந்த டோஸ் தாராவிக்கா வந்திருக்கும்?

18 முதல் 44 வரை உள்ளவர்களைக் காசுக்கு ஊசி போட விடுவது மேலோட்டமாகப் பார்த்தாலே தான்தோன்றித்தனம் என்று உச்ச நீதிமன்றம் மே 31-ல் சொன்னது. ஜூன் 21 முதல் மத்திய அரசே 75 சதவீதத்தை வாங்கி இலவசமாகத் தர ஆரம்பித்தது. தனியாரின் 25 சதவீதம் மட்டும் அப்படியே இருந்தது. கோவிஷீல்டு தடுப்பூசிக்கு அவர்கள் 780 ரூபாய் வரை வாங்கலாம் என்றிருந்தது.

சரி, இலவசம் வந்துவிட்டதே? விடியற்காலையில் டோக்கனுக்கு நின்றால் அண்ணனுக்கு அன்றைய கூலி போச்சு. கூலியை விட்டு நின்ற நாளில் 'ஸ்டாக் இல்லை' என்று போர்டு. ஜூலையில் மாநகராட்சி மையங்கள் மருந்தில்லாமல் மூடிய நாட்கள் உண்டு. அந்த மருந்தைச் செய்த புனே இங்கிருந்து சில மணி நேரம்தான்!

கோவிஷீல்டுக்கு அப்போது இரண்டு டோஸுக்கு நடுவே 84 நாள். எனக்கு செப்டம்பரில் ரயில் திறந்தது. ஆபீஸ் மூடியிருந்ததால் போக வேண்டிய இடம்தான் இல்லை. தினமும் தாணே போக வேண்டியவருக்கு தீபாவளி ஆகிவிட்டது. அதுவரை முலுண்டு வரை பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. "ஏ பிள்ள, ஊசி போட்டாச்சுல்லா, விடு" என்பார் அண்ணன்.

முதியவர்களுக்கு முதலில் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. அதற்கடுத்த கட்டத்தில் வயதை மட்டும் பார்க்காமல், வெளியே போயே ஆகவேண்டியவர் யார் என்று பார்த்திருக்கலாம். தோல் பட்டறையும் தையல் கடையும் மெஸ்ஸும் அடைத்த பிறகு, ராத்திரி 9 மணிக்கு எங்கள் தெருவில் ஒரு மையம் திறந்திருந்தால் அண்ணன் ஒரு நாள் கூலியையும் விட்டிருக்க வேண்டாம்.