புதுச்சேரியிலிருந்து ஏனாமுக்கு விமானத்தில்

ஏனாம் நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஊர் இருப்பது ஆந்திராவில், காக்கிநாடாவுக்குப் பக்கத்தில். சாலையில் போனால் 800 கிலோமீட்டருக்கு மேல். அத்தானுக்கு அங்கே மாற்றல் ஆனதிலிருந்து அக்காவைப் பார்க்கணும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். முழங்கால் வலியோடு அவரை ராத்திரி முழுக்க ரயிலில் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. சரி, விமானத்தில் கூட்டிப்போகலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

ஏனாம் போக ராஜமுந்திரி விமான நிலையத்தில் இறங்கலாம். புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 610 கிலோமீட்டர். தூரக் கணக்கு சொல்லும் தளங்கள் இதை வேகத்தால் வகுத்து ஒரு நேரத்தைக் காட்டும். அதை வைத்துப் பயணத் திட்டம் போடாதீர்கள். எங்களுக்கு நேர் விமானம் கிடையாது, ஹைதராபாத்தில் மாறித்தான் போக வேண்டியிருந்தது. புதுச்சேரி – ஹைதராபாத் சுமார் 600, அங்கிருந்து ராஜமுந்திரி சுமார் 360. ஆக 960 கிலோமீட்டர் பறக்கிறோம்.

லாஸ்பேட்டை ஓடுதளத்தின் நீளம் 1,500 மீட்டர்தான். அதனால் இங்கே வருவது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம். மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகம். அப்படிப் பார்த்தால் ஹைதராபாத் ஒன்றேகால் மணிப் பயணம், ஆனால் டிக்கெட்டில் போட்டிருந்தது ஒன்றேமுக்கால். தரையில் ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்துத்தான் அந்த நேரம்.

அம்மாவுக்கு இந்தச் சின்ன விமானம் ரொம்ப வசதியாகப் போய்விட்டது. பின்பக்கக் கதவு தரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் படிகள் குறைவு. பக்கத்துக்கு இரண்டே இருக்கை, நடுவில் மாட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் எங்கே உட்கார்ந்தாலும் தரை தெரியும்.

இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுத்தேன். இதை எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால் அடுத்த டிக்கெட் பணம் போனதுதான். ஒரே பதிவில் இருந்தால் மாற்று ஏற்பாடு அவர்கள் பொறுப்பு, பெட்டியும் நேராக ராஜமுந்திரிக்குப் போய்விடும். ஹைதராபாத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பதிவிலேயே கேட்டு வைத்திருந்தேன். அவ்வளவு பெரிய நிலையத்தில் அம்மாவால் நடந்திருக்க முடியாது. விமானம் ஏறும் கேட்டைத் தேடும் பதற்றமும் மிச்சம். இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜமுந்திரி நெருங்கும்போது கீழே பரந்து கிடந்த ஆற்றைப் பார்த்துவிட்டு, "கோதாவரியாப்பா இது? கடல் மாதிரி இருக்கே!" என்றார் அம்மா. முழங்கால் வலியெல்லாம் அப்போது அவருக்கு நினைவே இல்லை.

விமான நிலையம் ஊருக்கு வடக்கே மதுரபூடியில் இருக்கிறது. அங்கிருந்து ஏனாமுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதுச்சேரியிலிருந்து மதியம் கிளம்புகிறவர்கள் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும் என்பதால் வண்டியை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அத்தானே வண்டியோடு வந்திருந்ததால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. திரும்பும்போது ராஜமுந்திரியில் காலை விமானத்தைப் பிடியுங்கள். நாங்கள் வந்தபோது ஹைதராபாத்திலிருந்து புதுச்சேரிக்கு மாலை நேரத்தில் ஒரே விமானம்தான் இருந்தது. அதை விட்டால் அன்றைக்கு அங்கேயே தங்க வேண்டியதுதான்.