இருட்டினதும் அணைந்துபோன வாசல் மணி

எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில் இருக்கிறது. எனக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு ஷிப்ட். அந்த நாள்களில் அம்மா தனியாகத்தான் இருப்பார். முழங்கால் வலியோடு கேட் வரை நடந்துபோய் யாரென்று பார்க்க அவரால் முடியாது. அதற்காகவே இரண்டு வருடத்துக்கு முன்பு கேட் தூணில் கேமரா உள்ள வாசல் மணியைப் பொருத்தினோம். யாராவது அழுத்தினால் அம்மாவின் கைப்பேசியில் முகம் தெரியும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசலாம்.

தீபாவளி முடிந்து சில வாரத்தில் கோளாறு தொடங்கியது. பகல் முழுக்க ஒழுங்காக இருக்கும். மாலை ஏழரைக்கு இருட்டினதும் படம் உறைந்து நிற்கும், பொத்தானைச் சுற்றிய நீல விளக்கு அணைந்து அணைந்து எரியும், அப்புறம் 'ஆஃப்லைன்' என்று வந்துவிடும். விடிந்தால் தானாகவே உயிர் வரும். ராத்திரிக்குத்தானே அதை வாங்கினோம்! வேலையிடத்தில் இருந்துகொண்டு கறுத்த திரையைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும்.

முதலில் வைஃபையைச் சந்தேகப்பட்டேன். ரவுட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், ரீசெட் செய்தேன், செயலியை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினேன். பலன் இல்லை. கடையில் காட்டினால், "போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள், 300 வெள்ளி" என்றார்கள். வாங்கியும் இருப்பேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியப்பா கேட் ஓரமாக வந்து நின்றார். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் வயர்மேனாக இருந்தவர்.

"பகல்ல நல்லா ஓடுதுன்னா போர்டு எப்படிம்மா கெட்டிருக்கும்? ராத்திரிக்கு அது கூடுதலா என்ன வேலை செய்யுது, அதைப் பாரு" என்றார்.

இருட்டினால் கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு எல்இடி விளக்குகள் எரியத் தொடங்கும். நம் கண்ணுக்கு அவை சரியாகத் தெரியாது. அவை எரிந்தால் கருவி இழுக்கும் கரண்ட் கூடிவிடும். அந்தக் கூடுதல் கரண்ட் கேட் வரை போய்ச் சேரவில்லை என்றால்?

ஹார்ட்வேர் கடையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை 35 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். ராத்திரி வரை காத்திருக்கவும் தேவைப்படவில்லை. கேமராவின் முகப்பைக் கறுப்புத் துணியால் மூடினால் அது இருட்டு என்று எடுத்துக்கொள்ளும். துணியின் ஓரத்தை லேசாகத் தூக்கி இன்னொரு கைப்பேசியின் கேமரா வழியாகப் பார்த்தேன். இளம் ஊதாவில் ஆறு புள்ளிகள் மினுங்கின. விளக்குகள் எரிகின்றன, சரி.

கருவியின் பின்னால் '16 முதல் 24 வோல்ட் ஏசி' என்று அச்சிட்டிருந்தது. மூடுவதற்கு முன் கேட்டில் அளந்தபோது 15 வோல்ட். அதுவே குறைவுதான், ஆனாலும் சமாளித்து ஓடிக்கொண்டிருந்தது. துணியால் மூடியதும் 10-க்கு விழுந்தது, நீல விளக்கும் அணைந்தது. பெரியப்பாவை மூடச் சொல்லி, வீட்டுக்குள், வீட்டு மின்சாரத்தைக் குறைத்து மணிக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் அளந்தேன். அங்கே 17.6, அசையவே இல்லை. அப்படியானால் கருவியும் நல்லது, டிரான்ஸ்ஃபார்மரும் நல்லது. நடுவில் உள்ள 12 மீட்டர் வயரில்தான் எங்கேயோ 7.6 வோல்ட் காணாமல் போகிறது. நல்ல செம்பு வயராக இருந்தால் அந்தத் தூரத்துக்கு அரை வோல்ட் கூட இறங்காது.

மணியைப் பொருத்தியபோது இரண்டு வயர்த் துண்டுகளை இணைத்துப் போட்டது எனக்குத் தெரியும். இணைப்பு, தூணின் அடியில், செம்பருத்திச் செடிக்குப் பின்னால் பிவிசி குழாய்க்குள் இருந்தது. சுவிட்ச் பாக்ஸில் அந்த லைனை அணைத்து, மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகு வெளியே இழுத்தேன். டேப்பின் பசை கரைந்து பிசுபிசுத்தது. பிரித்ததும் சின்னச் சிவப்பு எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. உள்ளே செம்பு கறுத்துப்போய், மேலே பச்சைப் பொடி பூத்திருந்தது. முறுக்கிய இழைகளில் இரண்டோ மூன்றோதான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மற்றவை தொட்டாலே உதிர்ந்தன.

கறுத்த செம்பைச் சுரண்டிவிட்டு மறுபடியும் முறுக்கினால் போதும் என்று நினைத்தேன். பெரியப்பா விடவில்லை. "பளபளன்னு வர்ற வரைக்கும் வெட்டு" என்றார். மூன்று அங்குலம் வெட்டிய பிறகுதான் உண்மையான செம்பு நிறம் வந்தது. ஜெல் நிரப்பிய கனெக்டர் இரண்டு போட்டு, இணைப்பை மண்ணிலிருந்து முக்கால் அடி உயரத்தில் ஒரு தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்தோம். கனெக்டருக்கும் பெட்டிக்கும் சேர்த்து 9 வெள்ளி ஆனது. மணியின் மேலேயும் இரண்டு பக்கமும் சிலிகோன் பசை பூசினேன். கீழ்ப் பக்கத்தை மட்டும் திறந்தே விட்டேன், உள்ளே சேரும் ஈரம் வடிய வழி வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் கை வைத்தது 18 வோல்ட் பக்கம் மட்டும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் வீட்டு மின்சாரம். அங்கே கோளாறு இருந்திருந்தால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைத்தான் கூப்பிட்டிருப்பேன். நீங்களும் அதைத் தொடாதீர்கள்.

அன்றைக்கு எட்டு மணிக்கு நான் கேட்டுக்கு வெளியே நின்று பொத்தானை அழுத்தினேன். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்தது: "நெத்தியில திருநீறு கூடத் தெரியுதும்மா, உள்ள வா, மழை வரப் போகுது."

சொன்னபடியே மழை கொட்டியது. விட்டதும் டார்ச்சோடு போய் அளந்தேன். விளக்குகள் எரியும்போதே 17.2.