வாடிக்கையாளர் யார்?

21 ஜூலை 2023

நேற்று பெய்ஜிங்கில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சரைச் சீன அதிபர் ஷி ஜின்பிங் சந்தித்திருக்கிறார். மனிதருக்கு வயது நூறு. 1971 ஜூலையில் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் போய் அன்றைய சீனப் பிரதமர் சௌ என்லாயைப் பார்த்த அதே தியாவ்யூதாய் விருந்தினர் மாளிகையில்தான் சந்திப்பு. சீனப் பாதுகாப்பு அமைச்சரும் அதற்கு இரண்டு நாள் முன்பு கிஸிஞ்சரோடு பேசினாராம். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டினைப் பார்க்க மறுத்தவர் இந்தச் சீன அமைச்சர்தான். அரசுக்குக் கிடைக்காத சந்திப்பு ஒரு தனிமனிதருக்குக் கிடைக்கிறதே என்று வெள்ளை மாளிகையே ஆதங்கப்பட்டிருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் பொறாமைதான். தூதரகத்தில் இருந்தபோது ஓர் இணைச் செயலாளரைப் பார்க்கவே நோட் வெர்பால் (தூதரகங்கள் அனுப்பும் முறைப்படியான கடிதம்) எழுதி, கடைசியில் ‘உயர்ந்த மதிப்பை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறது’ என்று முடித்து, வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன்.

24 ஜூலை

குருகிராமில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து போன். பேசிய தம்பி ரொம்ப மரியாதை. “சார், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். மாசம் ரெண்டு கால் பேசினா போதும்.” ஓர் எக்ஸல் தாளும் அனுப்பியிருக்கிறார். நான் கடைசியாகப் பணியாற்றிய நாட்டின் சுரங்க அமைச்சகத்தில் எனக்குத் தெரிந்தவர்களை நிரப்ப வேண்டும். பெயர், பதவி, கடைசியாகப் பேசிய தேதி, அப்புறம் கடைசிக் கட்டத்தில் ‘நெருக்கம்: 1 முதல் 5 வரை’. என் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தவருக்கு எத்தனை மார்க் போடுவது?

ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலை என்றால் அரசு அனுமதி வேண்டும். அது பெரிய தடையில்லை. ஜெய்சங்கர் 2018 ஜனவரியில் வெளியுறவுச் செயலாளர் பதவியை விட்டார், விலக்கு வாங்கி ஏப்ரலிலேயே டாடா சன்ஸில் சேர்ந்தார், 2019 மே மாதம் அமைச்சரே ஆகிவிட்டார். அதை விமர்சிக்கலாம். ஆனால் அவர் எங்கே சம்பளம் வாங்கினார் என்று ஊருக்கே தெரியும். ஆலோசனை நிறுவனத்தில் அந்த ஒன்றுதான் தெரியாது. இதைத்தான் தம்பியிடம் கேட்டு மெயில் அனுப்பினேன்: வாடிக்கையாளர் பெயரை எனக்குச் சொல்வீர்களா, நான் வெளியே சொல்லலாமா?

11 ஆகஸ்ட்

பதில் வந்தது. முதல் கேள்விக்கு, “தேவைப்பட்டால்”. இரண்டாவதற்கு, “என்.டி.ஏ. இருக்கே சார்”. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போடும் ரகசியக் காப்பு ஒப்பந்தம்தான் அது.

இந்தத் தொழிலுக்கு அச்சு போட்டுக் கொடுத்தது 1982-இல் கிஸிஞ்சர் தொடங்கிய கிஸிஞ்சர் அசோசியேட்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம். அங்கிருந்த ஈகிள்பர்கரும் ஸ்கோகிராஃப்டும் 1989-இல் மூத்த புஷ் அரசுக்குப் போனார்கள். ஒருவர் வெளியுறவுத் துணை அமைச்சர், இன்னொருவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர். தியானன்மென் படுகொலை நடந்த அடுத்த மாதமே இருவரையும் புஷ் ரகசியமாக பெய்ஜிங்குக்கு அனுப்பினார். போனது அமெரிக்காவின் வேலையாகத்தான், சரி. ஆனால் பழைய முதலாளிக்குச் சீனாவில் தொழில் ஆர்வம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தானே படிக்க வேண்டியிருக்கிறது?

2002-இல் நடந்ததுதான் எனக்கு முக்கியம். செப்டம்பர் 11 தாக்குதலை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவராகக் கிஸிஞ்சரை இளைய புஷ் நவம்பர் 27 அன்று நியமித்தார். உங்கள் வாடிக்கையாளர்கள் யார் என்று பலியானவர்களின் குடும்பத்தினர் நேரில் போய்க் கேட்டார்கள். டிசம்பர் 13 அன்று பதவி விலகிவிட்டார். நாடே எதிர்பார்த்த விசாரணையா, வாடிக்கையாளர் பட்டியலா என்று வந்தபோது பட்டியலைத்தான் காப்பாற்றினார். ரகசியத்தை விற்கிறார்கள் என்று இவர்களைத் திட்டுவது சுலபம். விற்பது பெரும்பாலும் ரகசியத்தை அல்ல, போனை எடுக்கவைக்கும் பெயரை. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது அரசாங்கப் பதவி. யாருக்கு விற்றேன் என்று சொல்வதில் அப்படியென்ன கஷ்டம்?

எக்ஸல் தாளை நிரப்பாமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

30 நவம்பர்

காலையில் செய்தி: கிஸிஞ்சர் இறந்துவிட்டார். வியட்நாம், கம்போடியா, சிலி, 1971-இல் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கானுக்குக் கொடுத்த ஆதரவு என்று இரங்கல் குறிப்புகள் நீள்கின்றன. எல்லாம் பதவியில் இருந்த எட்டு வருடக் கதை. நிறுவனம் நடத்திய நாற்பத்தொரு வருடத்துக்கு நான் படித்தவற்றில் ஒரு பத்திகூட முழுதாக இல்லை.