யார் வீட்டுக் கட்டைவிரல்?

பென்னாகரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து எடை பார்த்து, உயரம் பார்த்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் இரண்டு கைகளிலும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள். விரி என்றால் மற்ற நான்கு விரல்களை மட்டும் விரித்தாள். பின்னால் நின்ற பையன், “அவளுக்குத் தவள வெரலு மேடம்” என்றான்.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கிற குழுவில் நான் செவிலியர். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் அது. அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையில் 30 பிரச்சினைகளைத் தேடுவோம். வளைபாதம், உதட்டுப் பிளவு, பிறவி இதய நோய் எல்லாம் அதில் உண்டு. கட்டைவிரலின் வடிவம் கிடையாது.

அந்தப் பெண்ணின் விரலைப் பிரித்துப் பார்த்தேன். நுனி குட்டையாக, அகலமாக, சுத்தியல் தலை போல இருந்தது. நகம் நீளத்தைவிட அகலம் அதிகம். வேலையில் சேர்ந்து எனக்கு இரண்டாவது மாதம். விரல் நுனி பருத்தால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும் என்று படித்தது ஞாபகம் வந்தது. டாக்டர் அன்று விடுப்பு. யாரையும் கேட்காமல் ‘விரல் நுனி வீக்கம், மேல் பரிசோதனை தேவை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். கூலி கிலோ கணக்கு. அந்தப் பெண்ணின் அம்மா இரண்டு நாள் கூலியை விட்டு, தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, எக்ஸ்ரே எடுத்து, “ஒண்ணும் இல்ல, போங்க” என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். இது எனக்கு ஆறு மாதம் கழித்து, அதே ஊர் அங்கன்வாடிக்குப் போனபோதுதான் தெரிந்தது. வழிமறித்துக் கேட்டார்: “ஒண்ணும் இல்லன்னா எதுக்கு மேடம் எழுதிக் குடுத்தீங்க? தெருவுல பொண்ணுக்கு நெஞ்சுல ஓட்டைன்னு பேசறாங்க.”

பதில் சொல்லத் தெரியவில்லை. சாயந்திரம் வண்டியில் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “ரெண்டு ஆள்காட்டி விரலையும் நகத்தோடு நகம் ஒட்டி வை” என்றார். வைத்தேன். நடுவில் எள்ளளவு ஒரு இடைவெளி, வைர வடிவில். “இந்த ஜன்னல் மூடியிருந்தால்தான் நாம பயப்படணும். இதய, நுரையீரல் நோயில் பொதுவா எல்லா விரலுமே பருக்கும். நகத்தோட அடி மெத்துன்னு ஆகும். கட்டைவிரல் மட்டும் குட்டைன்னா அது வேற சங்கதி.” ஷம்ரோத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவரின் பெயரில் வழங்கும் சோதனை அது. செலவே இல்லாத சோதனை. அதை அன்றைக்குச் செய்திருந்தால் அந்த அம்மாவின் இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

அந்த வேறு சங்கதிக்குப் பெயர் பிராக்கிடாக்டைலி டி வகை. பெயர்தான் பயமுறுத்தும், குட்டை விரல் என்பதைத் தாண்டி அதில் அர்த்தம் ஒன்றும் இல்லை. கட்டைவிரலில் இரண்டு எலும்புகள். நுனி எலும்பின் வளர்தகடு, அதாவது எலும்பு நீளமாக வளர்கிற இடம், மற்ற விரல்களில் மூடுவதற்கு முன்பே மூடிவிடுவதால் அது மட்டும் குட்டையாக நின்றுவிடுகிறது. ஒரு கையில் மட்டும் இருக்கலாம், இரண்டிலும் இருக்கலாம். பிடி, வலு எதிலும் குறை வராது. பச்சைக் குழந்தையிடம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, வளர வளரத்தான் தெரியும். அதனால்தான் அம்மாக்கள் “பொறந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு” என்று பதறுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

இன்னொரு ரகமும் உண்டு. நுனி பின்பக்கமாக வில் போல வளையும் கட்டைவிரல். ஓசூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் லிப்ட் கேட்கும்போது கவனித்தால் விதவிதமாகத் தெரியும். அதுவும் நோயில்லை. ஒரே மரபணுவால் வருவது என்று பாடம் நடத்துவதுண்டு. ஆனால் நான் பார்த்தவரையில், கொஞ்சம் வளைவதிலிருந்து நிறைய வளைவது வரை எல்லா அளவிலும் இருக்கிறது.

எல்லாக் கட்டைவிரலையும் இப்படிச் சிரித்துவிட்டு அனுப்ப முடியாது. மடங்கி நிமிராமல் மாட்டிக்கொள்ளும் விரல் என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். கட்டைவிரல் மிகச் சிறுத்தோ இல்லாமலோ பிறந்த குழந்தைக்கு இதயம், ரத்தம், முன்கை எலும்பு மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். அங்கே நான் எழுதிக் கொடுக்கத் தயங்குவதில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அடுத்த வாரம் தனியாகப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. திண்ணையில் அம்மாவும் மாமியாரும் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. மாமியார் என்னைப் பார்த்ததும், “கிரகணத்தன்னிக்கு அருவாமணை எடுக்காதடின்னு சொன்னேன், கேட்டாளா?” என்றார். பக்கத்து வீட்டம்மா, “சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்” என்று சேர்த்துக்கொண்டார். அத்தை மகனைக் கட்டியிருக்கிறார் அந்த அம்மா. எங்கள் கூட்டங்களில் சொந்தத்தில் திருமணம் வேண்டாம் என்று பேசுகிற நானே ஒரு நிமிஷம் தலையாட்டப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மறைந்திருக்கும் மரபணு சேர்ந்தால்தான் வருகிற நோய்களுக்கு அது பொருந்தும். இந்தக் கட்டைவிரலுக்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். சில சமயம் அது வைத்திருப்பவர் கையில் தெரியாமலே அடுத்த தலைமுறைக்குப் போகும். பெண்களிடம்தான் கூடுதலாகத் தெரிகிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் மாமியாரின் கை கண்ணில் பட்டது. புளியை அழுத்திப் பிடித்திருந்த இடது கட்டைவிரல். குட்டை, அகலம், சுத்தியல் தலை.

“ஆயா, உங்க கையக் கொஞ்சம் காட்டுங்க.”

பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்தப் பெண் கட்டைவிரலைத் தானாகவே வெளியே எடுத்து ஆயாவின் விரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். நகம் கூட ஒரே அச்சு. அறுபது வருஷமாக அந்த விரலால் புளி தட்டியிருக்கிறார், களி கிண்டியிருக்கிறார். யாரும் அதை ஒரு குறையென்று பார்த்ததில்லை.

அம்மா கையிலிருந்த இரும்புக் கம்பியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷக் கிரகணப் பேச்சு முகத்தில் தெரிந்தது. “அப்ப இது உங்க வூட்டு வெரலுதான அத்தை?”

எனக்குத் திக்கென்றது. ஒரு பழியை எடுத்து இன்னொரு தலையில் வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

கிழவி புளியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. “எங்க வூடு எதுடி? உங்கப்பன் வூடுதான எங்க வூடு. அவனும் நானும் ஒரே வயித்துல பொறந்தவங்கதான?”

பக்கத்து வீட்டம்மா சிரித்துவிட்டார். அந்தப் பெண் ஆயாவின் கையை விடாமல், “தாத்தாவுக்கும் இருக்கா அம்மா?” என்று கேட்டாள். அம்மா யோசித்தார். தன் அப்பாவின் கட்டைவிரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார்.