துணிக்குப் பின்னால் பார்த்த படம்

தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி எங்கள் வீட்டில் சினிமாக் கேள்வி நடக்கும். ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த பிறகும் அதை மட்டும் நாங்கள் விடவில்லை. இருபது பேர் கூடுவோம். நெய் உருண்டையும் முறுக்கும் நடுவில் இருக்கும். கைப்பேசிகளையெல்லாம் காலி மைலோ டின்னில் போட்டு மூடிவிட்டுத்தான் ஆரம்பிப்போம். கேள்வி தயார் செய்வது என் வேலை. ஒரு மாதத்துக்கு முன்பே நோட்டில் எழுத ஆரம்பித்துவிடுவேன்.

இந்த வருடம் முதல் கேள்வியிலேயே சண்டை. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் எது என்று கேட்டேன். என் மனதில் இருந்தது 1954இல் வந்த 'அந்த நாள்'. சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் ஒரு ரேடியோ என்ஜினியர் சுடப்பட்டுச் சாகிறான். கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். இயக்கிய எஸ். பாலசந்தர் பெரிய வீணை வித்வான். அப்படிப்பட்டவர் ஒரு பாட்டுகூட வேண்டாம் என்று முடிவெடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனால் தம்பி மகன் 'கைதி' என்றான். அதுவும் சரி. 2019 படம், ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. பழைய பாட்டுகள் ஒலிக்குமே தவிர அந்தப் படத்துக்கென்று பாட்டு கிடையாது. அண்ணி விடவில்லை, 1995இல் வந்த 'குருதிப்புனல்' என்றார். அதுவும் சரிதான். இரண்டு பேருக்கும் மதிப்பெண் போட்டேன். 'முதல்' என்ற ஒரு சொல்லை விட்டது என் தவறு.

'ஹரிதாஸ்' கேள்வியில் எல்லாரும் விழுந்தார்கள். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் எத்தனை வருடம் ஓடியது? மூன்று என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். 1944 தீபாவளிக்கு வந்தது, 1946 தீபாவளியைப் பார்த்தது. விரல் விட்டு எண்ணினால் இரண்டு வருடமும் கொஞ்சமும்தான். அப்புறம் மலாய் சினிமா நட்சத்திரம் பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாகப் போட்டவர் யார் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அவர் பாட்டைப் பாடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியவில்லை. 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தை இயக்கிய எல். கிருஷ்ணன், இந்தியாவில் பிறந்து இங்கே வந்தவர். அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லி, பிள்ளைகளையும் சொல்ல வைத்தேன்.

அதுவரை அத்தை வாயே திறக்கவில்லை. 70 வயது. பால்மரம் வெட்டிய காலத்தில் உளி பட்ட தழும்பு இடது கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது; அதைத் தடவியபடி மூலையில் உட்கார்ந்திருந்தார். 'நாடோடி மன்னன்' எந்த இடத்தில் கலராக மாறும் என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "சரோஜாதேவி வந்தா கலரு. இதெல்லாம் ஒரு கேள்வியாடி?" என்றார்.

1958 படம் அது. எங்கள் தோட்டத்துத் திடலுக்கு வந்தபோது அத்தைக்கு ஆறு வயது. இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்களாம். முன்பக்கம் பெரியவர்கள் பாய் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள்; பிள்ளைகளுக்குத் துணிக்குப் பின்னால்தான் இடம். எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். "எனக்கு அப்ப எழுத்தே தெரியாது, எப்படி ஓடுனா என்ன?" என்றார். கறுப்பு வெள்ளையாகவே ஓடிக்கொண்டிருந்த துணி திடீரென்று கலரானதும் பின்னால் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். துணியில் சாயம் ஊறி வருகிறதோ என்று அத்தை கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறார். கை ஈரமாகவில்லை என்று சொல்லி, எனக்கு உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

வருடமும் இயக்குநர் பெயரும் கேட்டு நோட்டை நிரப்பிக்கொண்டிருந்த எனக்கு, இப்படிப் பதில் வரும் கேள்விகளைத்தான் இனி தேட வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. படம் பார்த்தவரின் கண்ணுக்குள் போய் எடுத்து வர வேண்டிய பதில்.

அன்று கடைசிக் கேள்வியை அத்தைதான் கேட்டார். "எங்க பக்கம் எம்.ஜி.ஆர். இடது கையாலதான் கத்தி வீசுவாரு. முன்னாடி உட்கார்ந்தவங்களுக்கு எந்தக் கை?"

பிள்ளைகள் கையைத் தூக்கிக் காற்றில் வீசிப் பார்த்தார்கள். நான் நோட்டில் கேள்வியை மட்டும் எழுதி, பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன். சின்ன மாமா புரொஜெக்டர் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்றுக் கடைத்தெருவில் நான்கு மீட்டர் வெள்ளைத் துணி வாங்கி வந்தேன். வருகிற சனிக்கிழமை கொல்லையில் கட்டப் போகிறோம். அத்தையோடு நான் பின்பக்கம் உட்காருவேன்.