படம், பணம், மணம்

மூன்றாம் வகுப்புக்கு டிக்டேஷன் கொடுத்திருந்தேன். பத்துச் சொற்கள். திருத்தும்போது ஒரு நோட்டில் ‘பணம்’ வர வேண்டிய இடத்தில் ‘மணம்’ என்று இருந்தது. ‘பாட்டி’ வர வேண்டிய இடத்தில் ‘மாடி’. கையெழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது. சிவப்பு மையால் சுழித்து, பத்துக்கு இரண்டு போட்டு, கீழே ‘கவனம் தேவை’ என்று எழுதினேன். அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

தாராவியில் ஒரு தமிழ் வழிப் பள்ளி. கொரோனாவுக்குப் பின், முகக்கவசக் கட்டாயம் நீங்கிய 2022 ஜூன். அந்த நோட்டுக்குரிய பெண்ணை அவள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அப்பா காலையில் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா வரை போய் விற்றுவிட்டு வருபவர். பிள்ளையின் இரண்டு காதுக்குப் பின்னாலும் காது கேட்கும் மெஷின் இருந்தது. பாந்த்ரா ரெக்ளமேஷனில் இருக்கும் அலி யாவர் ஜங் என்ற காது கேளாதோருக்கான தேசிய நிறுவனத்தில் சோதித்து வாங்கியதாம். ஃபைலைப் பிரித்துக் காட்டினார். இரண்டு காதிலும் 65 டெசிபல் இழப்பு. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கணக்கில் 60 முதல் 70 வரை என்றால் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’, 70 என்றால் ‘காது கேளாதவர்’. அந்த அம்மாவுக்கு எண்களெல்லாம் மனப்பாடம். நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டே விட்டார்: “இவங்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்குதேம்மா?”

“போய்ப் பார்த்தோம் சார். மராத்தி, இந்தி, இங்கிலீஷ்னு சொல்றாங்க. வீட்ல பேசுற பேச்சையே இவ இப்பதான் புடிச்சிருக்கா. இன்னொரு பாஷைக்கு எங்க போவா?”

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, உரிய சான்றிதழ் உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விருப்பம்போல் இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. சேர்த்துக்கொண்டோம். முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். ‘உள்ளடக்கிய கல்வி’ என்று பயிற்சி வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. உள்ளே அடக்கியாயிற்று, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

டிக்டேஷன் நோட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் அந்த அம்மா வந்தார். சண்டை போடவில்லை. “டீச்சர், அவளுக்கு வாய் தெரிஞ்சாதான் கேக்கும்” என்றார்.

மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். என் குரலோடு ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம், பக்கத்துச் சந்தில் தகரம் தட்டும் சத்தம் எல்லாமே சேர்ந்து பெரிதாகும். அதில் பாதியைக் காதாலும் மீதியை உதட்டாலும் அவள் பொறுக்கி எடுக்கிறாள். அன்று ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் சொல்லிப் பார்த்தேன். படம், பணம், மடம், மணம். உதடு மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது. நான்கும் ஒன்றுதான். ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதட்டில் வித்தியாசமே இல்லை. டகரமும் ணகரமும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. இருபது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தெரியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வேறு வழியில்லாமல் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு என்னையே கவனிக்க ஆரம்பித்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுகிறேன், அதாவது அவளுக்கு முதுகால் பாடம் நடத்துகிறேன். டிக்டேஷனை நடந்துகொண்டே சொல்கிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் என் முகம் இருட்டாகிவிடுகிறது. எல்லாவற்றையும்விட முதல் பெஞ்சுதான் தப்பு. பின்னாலிருந்து யாராவது பதில் சொன்னால் யார் வாயைப் பார்ப்பாள்? எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் என்று தெரியாமல் இவளும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாள். இரண்டாவது வரிசையில், சுவரோரமாக, லேசாகத் திரும்பினால் மொத்த வகுப்பும் தெரிகிற மாதிரி மாற்றினேன். சிறப்பாசிரியர் ஒருவர் எப்போதாவது வருவார். பல பள்ளிகளுக்கு அவர் ஒருத்தர்தான், பாவம். இடம் மாற்றியதைப் பார்த்துச் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மும்பை மழை வேறு கதை. கூரை ஷீட்டில் அடித்துப் பெய்யும்போது காது நன்றாக இருக்கிறவர்களுக்கே ஒன்றும் கேட்காது. அந்த நேரத்தில் புதுப் பாடம் எடுப்பதை விட்டேன். எல்லோரும் எழுதட்டும். ஈரத்தில் மெஷின் கெட்டுவிடும் என்று அந்த அம்மா செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, ராத்திரி அதற்குள்தான் மெஷினை வைப்பார். பேட்டரி தீரப்போனால் மெஷின் பீப் அடிக்கும். பிள்ளை கையைத் தூக்குவாள். என் பர்ஸில் பஸ் சில்லறையோடு நாலு பேட்டரி எப்போதும் கிடந்தது.

தீபாவளி லீவுக்கு முன்னால் ஒரு நாள் வகுப்புக்குச் சொன்னேன்: இன்றைக்குச் சத்தமில்லாத டிக்டேஷன். வாயை மட்டும் அசைப்பேன், எழுதுங்கள். முதலில் ஒரே சிரிப்பு. மூன்றாவது சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். முப்பது ஜோடிக் கண்ணும் என் உதட்டில். பாதிப் பேருக்கு இரண்டு, மூன்றுக்கு மேல் வரவில்லை. இவள் ஏழு.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். ‘பணம்’ என்றதற்கு ‘மணம்’ என்று எழுதியிருந்தான். “ரெண்டும் ஒரே மாதிரிதானே டீச்சர் இருக்கு, மார்க் போடுங்க” என்று வாதாடினான். நியாயம்தானே என்று பேனாவைத் திறந்தேன்.

“போடாதீங்க டீச்சர்,” என்றாள் இவள், சுவரோரத்திலிருந்து. “எனக்குப் போட்டீங்களா?”