வீதா, சீதா மாதிரி

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்லோவேனியப் பெண்ணின் பெயர் வீதா. மற்றவர்கள் வைடா, விடா என்று படுத்துகிறார்கள். தமிழில் எழுதினால் கச்சிதமாக வந்துவிடுகிறது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவளை அம்மா கடைசிவரை ‘சீதா’ என்றுதான் கூப்பிட்டார்.

புனித வீட்டுஸ் என்ற கிறிஸ்தவ மறைசாட்சியை (மதத்துக்காக உயிர்விட்டவரை) ஸ்லோவேனியர்கள் வீத் என்பார்கள். அதன் பெண்பால்தான் வீதா. ஜூன் 15 அந்தப் புனிதரின் திருநாள். சரி, அகராதிக்கு அவ்வளவு போதும். ஆனால் அந்த ஊரில் இந்தப் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது புனிதர் அல்ல, ‘அழகி வீதா’ என்ற பழைய நாட்டுப்பாடல். கவிஞர் ஃப்ரான்ஸே ப்ரெஷெரனும் அதை எடுத்துப் பாடியிருக்கிறார்.

கடற்கரையில் குழந்தையின் துணி அலசிக்கொண்டிருக்கிறாள் வீதா. வீட்டில் பகலெல்லாம் அழும் நோயாளிக் குழந்தை, இரவெல்லாம் இருமும் கிழட்டுப் புருஷன். படகில் வரும் ஒருவன், ஸ்பெயின் ராணியின் பிள்ளைக்குப் பால் கொடுக்க வா என்கிறான். ஏறிவிடுகிறாள். சீதையைத் தூக்கிப் போனார்கள்; இவள் தானே ஏறினாள், அதுதான் கதையின் முள். அரண்மனை ஜன்னலில் நின்று சூரியனிடமும் நிலாவிடமும் தன் பிள்ளையை விசாரிக்கிறாள். இறந்துவிட்டான். ஏன் அழுகிறாய் என்று ராணி கேட்டால், தங்கக் கிண்ணம் கடலில் விழுந்துவிட்டது என்று பொய் சொல்கிறாள். ராணியும் இதற்கா அழுவது என்று வேறு கிண்ணம் வாங்கித் தருகிறாள்!

இது வெறும் பாட்டாகவும் நிற்கவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், கோரிட்ஸா நகரத்துக்குப் பக்கத்து ஸ்லோவேனியக் கிராமப் பெண்கள் பலர் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவுக்குச் செவிலித்தாய்களாகக் கப்பலேறினார்கள். சிலர் கைக்குழந்தையை விட்டுவிட்டு. ‘அலெக்சாண்ட்ரின்கே’ என்று அவர்களுக்குப் பெயர்; ப்ர்வாச்சினா கிராமத்தில் அருங்காட்சியகமே இருக்கிறது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைத் தூரத்துக் கதையாகக் கேட்க முடியாது. எங்கள் வீட்டுப் பணிப்பெண்ணின் மகன் ஜாவாவில் பாட்டியிடம் வளர்கிறான்.

சீதா என்று பேர் வைத்தால் பெண் கஷ்டப்படும் என்பது அம்மாவின் கட்சி. “இவ்வளவு சோகமான பேரை எதுக்கு வச்சாங்களாம்?” என்று என்னைக் கேட்கச் சொன்னார். கொள்ளுப்பாட்டியின் பெயராம். அவரும் அலெக்சாண்ட்ரியா போனவர்; அனுப்பிய காசில் அடமானத்தில் இருந்த வீட்டை மீட்டார்கள். வீடு இன்றும் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

“அப்போ ராசியான பேருதான்” என்று கட்சி மாறிவிட்டார் அம்மா.